தடயவியல் நர்சிங்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். தடயவியல் நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். பி.எஸ்சி. தடய அறிவியலில் சேர்க்கலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

நர்சிங்கிலேயே சேருங்கள். வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிப்பதோடு, வழக்குக்கு வேண்டிய தடயங்களையும் கெடாமல் சேகரித்துத் தருபவர்தான் தடயவியல் நர்ஸ். தடய அறிவியல் பட்டம் ஆய்வக வேலைக்குப் போகும் வழி. அதை வைத்து நோயாளியைக் கவனிக்க முடியாது. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், பிறகு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு. இதுதான் அடித்தளம். 2021இல் வந்த புதிய பாடத்திட்டப்படி ஐந்தாம் செமஸ்டரில் தடயவியல் நர்சிங்கும் இந்தியச் சட்டங்களும் 20 மணி நேரப் பாடமாக எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. ‘எங்களிடம் மட்டும்தான்’ என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பதிவுக்குப் பின் தடயவியல் நர்சிங்கில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ படிக்கலாம். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) படித்துப் பதிவு செய்தவர்களுக்கும் அந்த வழி உண்டு. கட்டணம் கட்டும் முன், அந்தக் கல்லூரிக்கு இந்தப் படிப்புக்கென்றே இந்திய நர்சிங் கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஜிஎன்எம் முடித்து, தனியார் மருத்துவமனை கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறேன். இப்போதே என்ன பழகலாம்?
– வாசகி, குலசேகரம்

கேஷுவாலிட்டியைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. முதலில் உயிர், பிறகுதான் தடயம். இந்த வரிசை மாறவே கூடாது. ஆனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க முடியும். கத்திக்குத்துப்பட்டவரின் சட்டையை வெட்டும்போது குத்து விழுந்த ஓட்டையை விட்டு விலகி வெட்டுங்கள். அந்தக் கிழிசலின் வடிவம் கத்தியைப் பற்றிப் பேசும்; கத்தரி அதன் வழியே போனால் அந்தச் சாட்சி போயிற்று.

ரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலரவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், டிஎன்ஏ சிதையும். உடலிலிருந்து மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியான ஸ்வாபுக்கும் இதே விதி. நம் குமரி மாவட்டத்தில் ஜூனிலும் ஐப்பசியிலும் மழைக்காற்றில் பஞ்சு சீக்கிரம் உலராது. அவசரப்பட்டு வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்துவிடாதீர்கள். மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் தீக்காயத் துணி மட்டும் விதிவிலக்கு: காகிதத்தில் வைத்தால் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் காற்றுப் புகாத டப்பா வேண்டும்.

குடித்திருந்தாரா என்று பார்க்க ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் போதும். சோடியம் ஃபுளோரைடு உள்ள சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுங்கள். இல்லையென்றால் குழாய்க்குள்ளேயே நுண்ணுயிரிகளால் ஆல்கஹால் அளவு மாறக்கூடும்.

ஒவ்வொரு உறையிலும் பெயர், ஏஆர் (விபத்துப் பதிவேடு) எண், எடுத்த இடம், தேதி, நேரம், கையொப்பம் வேண்டும். சீல் வைத்து, வாங்கும் போலீஸாரிடம் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். யார் பொறுப்பும் இல்லாமல் மேஜையில் கிடந்த உறையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பார்.

கேள்வி: பாலியல் வன்முறை வழக்கில் நர்ஸே பரிசோதிக்கலாமா?
– வாசகர், குளச்சல்

நம் சட்டப்படி பரிசோதித்து அறிக்கை தருவது பதிவு பெற்ற மருத்துவர்தான் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 184). குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்கில் பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஆனால் உடனிருக்கும் நர்ஸின் பங்கு சிறியதல்ல. சம்பவம் நடந்து 96 மணி நேரத்துக்குள் வந்தால் ஸ்வாப் உட்பட எல்லாத் தடயமும் எடுக்க வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். ‘குளித்துவிட்டார், இனி பயனில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. குளித்ததை எழுதிவிட்டு எடுக்க வேண்டும். தரையில் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அதன்மேல் நிற்கவைத்து உடையைக் கழற்றச் சொல்லுங்கள். மேல் தாளை அப்படியே மடித்து உறையில் வையுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் முடிவை எழுதாதீர்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இதற்குத் தனிச் சான்றிதழ் உண்டாமே?
– வாசகி, தக்கலை

உண்டு, ‘சேன்’ (SANE – பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதிக்கும் நர்ஸ்) என்பார்கள். அங்கே நர்ஸே பரிசோதனை செய்கிறார். இரண்டு வருட நர்சிங் அனுபவம், 40 மணி நேர வகுப்பு, 300 மணி நேரம் அந்தத் துறையில் நேரடிப் பணி, அதன்பின் தேர்வு. வகுப்பை இங்கிருந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம். பணி நேரத்தை முடிக்க முடியாது. அதனால் முதலில் அங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதி அங்கே பதிவு வாங்குங்கள், வகுப்புக்கு அப்புறம் பணம் கட்டலாம்.