"மூன்று விலைப்புள்ளியையும் நீங்களே கொண்டு வாருங்கள்"

கேள்வி: கணவர் மறைந்த பிறகு ஒன்பது ஆண்டுகளாக மரச்சாமான் பட்டறையை நானே நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் எந்த அரசு அலுவலகமும் என்னிடம் விலை கேட்டதில்லை. இப்போது மத்திய அரசு நிறுவனம் ஒன்று, நூலகத்துக்கு அளவெடுத்துச் செய்யும் வாசிப்பு மேசைகளுக்காக அழைத்தது. என் விலை அவர்களுக்குச் சம்மதம். ஆனால், "கோப்புக்கு மூன்று விலைப்புள்ளி வேண்டும். வேறு இரண்டு பெயரில் கொஞ்சம் கூட்டிப் போட்டு நீங்களே கொண்டு வாருங்கள்" என்கிறார் கண்காணிப்பாளர். என் தம்பி தன் கடை லெட்டர்பேடில் இரண்டு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். இன்னொரு பெயருக்கு அச்சகத்தில் லெட்டர்பேட் அடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். லஞ்சம் யாரும் கேட்கவில்லை. என் விலையும் நியாயமானதுதான். இதில் தவறு உண்டா?
- ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, தவறு உண்டு. செய்யாதீர்கள். உங்கள் விலை நியாயமானது என்பதை நான் நம்புகிறேன். நம்பிய பிறகும் இதைத்தான் சொல்கிறேன்.

அரசுக் கணக்குத் தணிக்கையில் என் பணிக்காலம் கழிந்தது. நீங்கள் சொல்லும் கோப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று லெட்டர்பேட், மூன்று ரப்பர் ஸ்டாம்ப். ஆனால் மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே நாள் தேதி. ஒருமுறை 'தேக்கு' என்ற சொல்லில் விழுந்த தட்டச்சுப் பிழை மூன்று தாளிலும் அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிஞ்சும். கையெழுத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள். தாளைக் கேட்டு வாங்கியவரின் பெயர் அந்தக் கோப்பில் எங்குமே இருக்காது.

அந்தக் கண்காணிப்பாளரையும் கெட்டவர் என்று சொல்லிவிட மாட்டேன். மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். கடைகளுக்குக் கடிதம் போட்டால் பதில் வராது. எப்படியும் ஆர்டர் வேறொருவருக்குத்தான் போகும் என்று கடைக்காரர்களும் விட்டுவிடுகிறார்கள். மூன்று தாள் இல்லையென்றால் கணக்குப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பும். ஆகவே அவர் கைக்கெட்டிய வழியைப் பிடிக்கிறார். ஆனால் விதி அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 155-ஆம் விதி, சிறிய கொள்முதல்களுக்கு மூன்று பேர் கொண்ட குழு சந்தையில் விசாரித்து, விலையும் தரமும் சரிதான் என்று கூட்டாகச் சான்று எழுத வேண்டும் என்கிறது. அதாவது, சந்தைக்குப் போக வேண்டியது அவர்கள். அந்த வேலையைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. ஒன்பது ஆண்டுகளாக யாரும் உங்களிடம் விலை கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் கேட்கவில்லை? அந்த ஆண்டுகளில் அங்கே மேசையும் அலமாரியும் வாங்காமலா இருந்திருப்பார்கள்? யாரோ ஒருவர் மூன்று தாளையும் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், நான்காவது கதவைத் தட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது. இப்போது நீங்கள் மூன்றையும் கொடுத்தால், பக்கத்து ஊரில் இன்னொரு பட்டறைக்காரர் அதேபோலக் காத்துக்கிடப்பார். ஒருவேளை உங்களைவிட ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கூட அவர் செய்து கொடுக்கலாம். விலை நியாயமா என்பதை விற்பவரே தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகத்தானே மூன்று பேரிடம் கேட்கச் சொல்கிறார்கள்?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லாத நிறுவனத்தின் பெயரில் தாள் அச்சடித்துக் கொடுப்பது போலி ஆவணம், குற்ற வழக்கு. தம்பியின் தாள் உண்மையானது என்றாலும், மேசை செய்யும் எண்ணமே இல்லாமல் உங்களுக்காக விலையைக் கூட்டிக் காட்டுவது கூட்டுச் சதி. போட்டிச் சட்டம் 2002 இதைத் தடை செய்கிறது. நிதி விதிகளின் நேர்மை நெறிகளும் இதை மீறலாகவே கொள்கின்றன. அந்த மீறலுக்காக நிறுவனம் உங்களை இரண்டு ஆண்டு வரை கொள்முதலிலிருந்து விலக்கி வைக்க முடியும். தம்பியின் கடையும் சேர்ந்து மாட்டும்.

நாளை கண்காணிப்பாளரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, என் விலைப்புள்ளியை மட்டும் தருகிறேன். இதே வேலை செய்யும் நான்கு பட்டறைகளின் முகவரியையும் எழுதித் தருகிறேன், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்." முகவரிகள் உண்மையானவையாக, உங்களோடு போட்டி போடக்கூடியவர்களுடையவையாக இருக்கட்டும். மரத்தின் வகை, பலகையின் கனம், ஜிஎஸ்டி, கொண்டு சேர்க்கும் நாள் எல்லாவற்றையும் உங்கள் விலைப்புள்ளியில் எழுதி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். தேதியோடு ஒரு பதிவு உங்கள் கையில் இருக்கும். ஆர்டர் கைநழுவிப் போகலாம். அதை மறைக்க மாட்டேன்.

கிடைத்தால், கொடுக்கல் வாங்கலில் கவனமாக இருங்கள். உத்யம் பதிவு (சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இல்லையென்றால் இப்போதே செய்துவிடுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடித்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும்.

பில் பாஸாகும் நேரத்தில் யாராவது 'கவனிக்கச்' சொன்னால், கொடுக்காதீர்கள். மிரட்டலுக்குப் பயந்து கொடுத்தே விட்டீர்கள் என்றால், 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி ஏழு நாட்களுக்குள் விசாரணை அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் கொடுத்தவரும் குற்றவாளிதான். மத்திய அரசு நிறுவனம் என்பதால் சென்னையில் உள்ள சி.பி.ஐ. ஊழல் தடுப்புப் பிரிவை அணுகலாம். உங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்றால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குத் தகவல் தருவோர் பாதுகாப்பு ஏற்பாட்டின் கீழ் மூடிய உறையில் புகார் அனுப்பும் வழி இருக்கிறது. பெயரும் முகவரியும் உள்ளே கடிதத்தில் மட்டும் இருக்க வேண்டும், உறையின் மேல் கூடாது. மொட்டைக் கடிதத்தை ஆணையம் எடுத்துக்கொள்வதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. தம்பி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்த இரண்டு வெற்றுத் தாள்களையும் இன்றே தம்பியின் கண்முன்னே கிழித்துப் போடுங்கள்.