கம்பெனி கை மாறும்போது ரிசைன் பண்ணச் சொன்னால் என்ன செய்வது?

'எங்கள் தொழிற்சாலையை வேறொருவர் வாங்கிவிட்டார். ரிசைன் பண்ணிவிட்டுப் புதிதாகச் சேரச் சொல்கிறார்கள், செய்யலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2016இல் கோவையில் நான் வேலை பார்த்த பவுண்டரியை விற்றார்கள். எனக்கு அப்போது 11 வருட சர்வீஸ். எச்.ஆர். மேசையில் எல்லார் பெயருக்கும் டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது: 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்.' தேதி இடம் மட்டும் காலி. "வெறும் ஃபார்மாலிட்டிங்க, நாளைக்கே புது ஆர்டர் தந்துருவோம்" என்றார் எச்.ஆர். அதிகாரி. யூனியன் தோழர் ஒருவர் தடுத்திராவிட்டால் நானும் போட்டிருப்பேன்.

அவர் சொன்னது தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு. நிறுவனம் கை மாறும்போது, ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீசும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடும் உண்டு. என் கணக்கில் 165 நாள் சம்பளம். சர்வீஸ் முறியாமல், சம்பளமும் சலுகைகளும் குறையாமல், பின்னாளில் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்து இழப்பீடு தரும் பொறுப்போடு புது முதலாளி எடுத்துக்கொண்டால் மட்டும் அது கிடையாது. நாமாக ரிசைன் பண்ணினால் இழப்பீடு, சர்வீஸ் தொடர்ச்சி இரண்டுமே போச்சு.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை, வேறு கணக்கு. ஐந்து வருடம் தாண்டியவர் ரிசைன் பண்ணினாலும் அது உண்டு. என் பேசிக்கும் டி.ஏ.வும் 13,000, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 7,500, 11 வருடத்துக்கு 82,500. இதில் நஷ்டப்பட்டவன் மெஷின் ஷாப்பில் மூன்றரை வருடம் இருந்த தம்பி ஒருவன். கையெழுத்துப் போட்டான், அவனுக்கு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள்.

நாங்கள் ஆறு பேர் 'சர்வீஸ் தொடர்ச்சியுடன்' என்ற வார்த்தை இல்லாமல் ஆர்டரை வாங்க மாட்டோம் என்று நின்றோம். மூன்று வாரம் முறைத்தார்கள், பிறகு எழுதித் தந்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இந்த ஏற்பாடு அதிலும் உண்டு. ஆனால் மேனேஜர் பதவியில் இருந்தால் இது பொருந்தாது, உங்கள் ஆர்டரில் எழுதியிருப்பதுதான் பேசும். பங்குகள் மட்டும் கை மாறியிருந்தால் சட்டப்படி உங்கள் முதலாளி அதே கம்பெனிதான். ரிசைன் பண்ணச் சொல்லவே முகாந்திரம் இல்லை.

இன்றைக்கே பி.எஃப். பாஸ்புக்கை டவுன்லோடு செய்து, பழைய சம்பள ஸ்லிப்புகளோடு வீட்டில் வையுங்கள். எங்கள் பழைய ஆபீஸ் ஃபைல்கள் பாதி, கை மாறிய வாரத்திலேயே காணாமல் போயின.