கணுக்கால் பிரண்டால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

பாம்பனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரர் ஐந்து நாளைக்கு முன் படகிலிருந்து ஜெட்டியில் குதித்தபோது வலது கால் பிரண்டுவிட்டது. அன்றைக்கே சுளுக்கு எடுப்பவரிடம் எண்ணெய் போட்டு உருவி, தப்பை வைத்துக் கட்டினோம். வீக்கம் வற்றவில்லை, பாதத்தின் ஓரம் கறுத்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், 'ஜவ்வு கிழிந்திருக்கும், மதுரையில் எம்ஆர்ஐ எடுத்து ஆபரேஷன் பண்ணிவிடலாம், நானே கூட்டிப்போகிறேன்' என்கிறார். போகலாமா? எப்போது தொழிலுக்குப் போவார்? அவருக்குச் சர்க்கரையும் உண்டு."

இப்போதைக்கு மதுரை வேண்டாம். முதல் வேலையாக அந்தத் தப்பைக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். விரல்கள் மரத்தோ, நீலம் பாரித்தோ, சில்லிட்டோ இருந்தால் இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரைத்தான் ஜவ்வு என்கிறோம். பாதம் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக்கணுவில் இருக்கும் நார் இழுபடும், சிலருக்கு அறுந்தும் போகும். அப்படி முழுசாக அறுந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே கூடிவிடும். கறுத்திருப்பது உள்ளே கசிந்து கீழே இறங்கிய ரத்தம். ஆக, ஐந்தாம் நாள் எடுக்கும் எம்ஆர்ஐ வைத்தியத்தை மாற்றப்போவதில்லை. கூட்டிப்போகிறவருக்கு ஏதாவது கிடைக்கலாம். ஆறு, எட்டு வாரம் கழித்தும் வலி விடாமல், நடக்கும்போது கால் திடீர் திடீரென்று மடங்கினால், அப்போது எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது தெரிய வேண்டியது எலும்பு முறிந்திருக்கிறதா என்பதுதான். அதற்குச் சாதாரண எக்ஸ்ரே போதும். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்பதற்கு, 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் ஒரு விதி வகுத்தார்கள். அடிபட்ட உடனேயும், டாக்டர் பார்க்கும்போதும் நொண்டியாவது நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. இருபக்கக் கணு எலும்பின் பின்னோரத்தையோ நுனியையோ, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்தும் எலும்பையோ, உள்பக்க வளைவுக்கு மேலே உள்ள எலும்பையோ அழுத்தினால் வலித்தாலும் எக்ஸ்ரே. ஒரு நிமிடத்துச் சோதனை. ஆனால் காலைத் தொட்டே பார்க்காமல் ஸ்கேன் சீட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், மத்தியானத்துக்கு மேல் எக்ஸ்ரே ஆள் இல்லை என்று திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

சர்க்கரை உண்டு என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. மேலே சொன்ன சோதனை வலியை நம்பி இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் காலில் உணர்ச்சி குறைந்துபோனவர் முறிந்த எலும்போடும் நாலு எட்டு நடந்து காட்டிவிடுவார். அதனால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் லேசாகத் தொடுங்கள், அழுத்தக்கூடாது. ஆறு இடத்தில் இரண்டு தெரியவில்லை என்றாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். பிரண்ட கால் மற்றதைவிடச் சூடாக, சிவந்து, வீக்கத்துக்கு ஏற்ற வலி இல்லாமல் இருந்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. உணர்ச்சியற்ற காலில் எலும்புகள் சத்தமில்லாமல் நொறுங்கும் நிலை ஒன்று உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது. அதன்மேல் நடந்தால் பாதமே உருக்குலைந்துவிடும். இந்த இரண்டில் எது இருந்தாலும் ஊன்றி நடக்கவிடாமல், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். சர்க்கரைக்காரர் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதுவரை ஐஸ், ஒத்தடம், இறுக்கமான கட்டு எதுவும் வேண்டாம். சுட்டாலும் இறுக்கினாலும் அவருக்குத் தெரியாது.

உணர்ச்சி நன்றாக இருந்து, எலும்பும் சரி என்றால் கவலை விட்டது. மறுபடி உருவ மட்டும் விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் உருவுவது உள்ளே கசிகிற ரத்தத்தை இன்னும் கசிய வைக்கும். முறிவு இருந்தால் எலும்பை நகர்த்திவிடும். உருவியதும் லேசாக இருப்பது உண்மைதான். மறுநாள் காலையில் பாதம் செருப்புக்குள் நுழையாது. கால் முன்னே பிறந்தவர் மிதித்தால் சரியாகும் என்றும் சொல்வார்கள், அவரையும் வீட்டோடு இருக்கச் சொல்லுங்கள்.

புதிதாகப் பிரண்டவர்களுக்கு ஐஸ் நல்லது. துணியில் சுற்றி 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆனால் மீன் பெட்டியில் உப்புப் போட்டு வைத்த ஐஸை அள்ளி வைக்காதீர்கள். உப்புக் கலந்த ஐஸின் குளிர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே போகும், தோலை வெந்துபோக வைக்கும்.

அடுத்தது பயிற்சி. கமிஷன் கிடைக்காத வைத்தியம் என்பதால் இதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. கால் பெருவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதச் சொல்லுங்கள், தினம் மூன்று வேளை. தாங்குகிற அளவுக்கு ஊன்றி நடக்கலாம். அப்புறம் சுவரைப் பிடித்தபடி பிரண்ட காலில் மட்டும் நிற்பது, பழகியதும் கையை விட்டுவிட்டு நிற்பது. நார் கூடினாலும், கால் தடுமாறாமல் நிற்கும் பழக்கம் திரும்பாவிட்டால் மறுபடி பிரளும்.

கடலுக்கு எப்போது? லேசான சுளுக்கு என்றால் இரண்டு வாரம், ஜவ்வு அறுந்திருந்தால் மூன்று மாதம்கூட ஆகலாம். நாளை எண்ண வேண்டாம். அந்த ஒற்றைக் காலில் வலியில்லாமல் பத்து முறை குதிக்கட்டும், அப்புறம் படகேறட்டும். முதல் சில மாதம் கணுக்கால் பெல்ட் போட்டுக்கொள்ளட்டும். ஜெட்டியில் குதிப்பதற்குப் பதில் பலகை போட்டு இறங்கச் சொல்லுங்கள்.