கம்பெனி வாங்கும் முன்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) 50 கோடி. இந்தத் துறையில் கம்பெனிகள் எபிட்டாவைப் போல் 8 மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. 400 கோடி கொடுக்கலாமா?

கடனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே! 400 என்பது கடனையும் சேர்த்த மொத்த மதிப்பு. கடன் 120, ரொக்கம் 20 இருந்தால் பங்குதாரர் கைக்குப் போக வேண்டியது 300தான். பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

டிசிஎஃப் (வருங்கால ரொக்க வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் கணக்கு) போட்டால் முக்கால்வாசி மதிப்பு டெர்மினல் வேல்யூவிலேயே (வருடவாரியாகக் கணித்த காலத்துக்குப் பிறகு வரும் எல்லா வருடங்களின் மதிப்பு) வருகிறது. தப்பா?

தப்பில்லை, வழக்கம்தான். ஆனால் வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதம் 10% என்றால், நிரந்தர வளர்ச்சியை 4%இலிருந்து 5% ஆக்கினால் போதும், டெர்மினல் வேல்யூ சுமார் 20% ஏறிவிடும். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

விற்பவர் 'அட்ஜஸ்டட் எபிட்டா' தருகிறார். அதையே எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதைப் பல முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். 'இது ஒருமுறைச் செலவு' என்று சொல்லி லாபத்தோடு திருப்பிச் சேர்க்கிறார்கள். 8 மடங்கு விலையில், அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு கோடிக்கும் நீங்கள் 8 கோடி அழுகிறீர்கள். நான் பார்த்த ஒரு பேரத்தில் மூன்று வருட வவுச்சர்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒரே இயந்திரத்துக்கு, ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே தொகையில் ரிப்பேர் பில். விவரம் மட்டும் வருடத்துக்கு ஒன்று. வருடா வருடம் வருவது எப்படி ஒருமுறைச் செலவாகும்? முதலாளி சம்பளமே எடுக்காத கம்பெனி என்றால், அவர் இடத்தில் வைக்கப்போகும் மேனேஜரின் சம்பளத்தை நீங்கள்தான் கழிக்க வேண்டும். அதை யாரும் அட்ஜஸ்ட் செய்து தருவதில்லை. அன்றாடச் செலவு சொத்துக் கணக்கில் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனி வேர்ல்ட்காம் மற்ற நெட்வொர்க்குகளுக்குக் கொடுத்த கட்டணங்களை மூலதனச் செலவாக எழுதித்தான் எபிட்டாவை ஊதியது. 2002 ஜூனில் முதலில் வெளிவந்ததே சுமார் 380 கோடி டாலர். எபிட்டா ஏறியும் வங்கிக்கு ரொக்கம் வரவில்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

சினர்ஜியை (இரண்டு கம்பெனிகளும் சேர்வதால் வரும் கூடுதல் லாபத்தை) விலையில் சேர்க்கலாமா?

தனியாகக் கணக்கிடுங்கள். உழைத்து அதை வரவழைக்கப்போவது நீங்கள். போட்டி கடுமையென்றால் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கலாம், முழுவதும் கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது வேலை மட்டும்தான்.

ஆடிட் செய்த கணக்கு இருக்கிறது. டியூ டிலிஜென்ஸ் (வாங்கும் முன் நாமே செய்யும் முழுச் சோதனை) எதற்கு?

பிரிட்டிஷ் மென்பொருள் கம்பெனி ஆட்டோனமியின் கணக்கும் ஆடிட் ஆனதுதான். 2011இல் ஹெச்பி அதைச் சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. மறு வருடமே சுமார் 880 கோடி டாலரை நஷ்டமாக எழுதியது. கணக்கு விதிப்படி இருக்கிறதா என்றுதான் ஆடிட்டர் பார்ப்பார், விலை சரியா என்று பார்ப்பது அவர் வேலையில்லை. முதல் ஐந்து வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்கள் என்றைக்கு முடிகின்றன, போன வருடம் அவர்களிடமிருந்து ரொக்கமாக வந்தது எவ்வளவு என்பதில் ஆரம்பியுங்கள்.