அமெரிக்கச் சாலையோர வரலாற்றுப் பலகைகளை நின்று படிக்க வேண்டுமா?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் சாலையோரம் இருக்கும் வரலாற்றுப் பலகைகளில் நின்று படிக்கிற அளவுக்கு ஏதாவது இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இருக்கும்.

கன்சாஸ் மாநிலம் கிரஹாம் கவுண்டியில், 24-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் நிக்கோடிமஸ் ஊருக்கு ஒரு பலகை உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், பெரும்பாலும் கென்டக்கியிலிருந்து வந்து, 1877-இல் உருவாக்கிய ஊர் அது. மரமே அரிதான புல்வெளி. அதனால் மண்ணைத் தோண்டி அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். 1878-இல் வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். தரையிலிருந்து எழுந்த புகையைக் காட்டி, அதுதான் என்றார்கள். அழுதுவிட்டார், பாவம். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அப்புறம் பள்ளி, தேவாலயம், ஹோட்டல், செய்தித்தாள் எல்லாம் வந்தன. 1888-இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனதும் கடைகள் இடம்பெயர்ந்தன.

1996 முதல் இது தேசிய வரலாற்றுத் தலம். பழைய கட்டடங்கள் ஐந்து இருக்கின்றன. பலகையோடு திரும்பிவிடாதீர்கள், ஊருக்குள்ளும் போங்கள். முடிந்தால் ஜூலை கடைசியில் போங்கள். முன்னோர்களின் வாரிசுகள் ஆண்டுதோறும் அப்போதுதான் கூடுகிறார்கள்.