களிம்பு கேட்கிறீர்கள், பெட்டியை என்ன செய்யப் போகிறீர்கள்?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பீடோரில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்காக ஈப்போ கடை ஒன்றில் இரண்டு கினி பிக் வாங்கினோம், இப்போது நான்காகிவிட்டன. போர்ச்சில் பலகைப் பெட்டி செய்து, பட்டறையில் சும்மா கிடைக்கும் ரப்பர் மரத்தூளைப் பரப்பி வளர்க்கிறோம். ஆணுக்கு மூக்கைச் சுற்றியும் கண்ணோரமும் முடி கொட்டி வெள்ளைச் செதிலாக இருக்கிறது. கடைக்காரர் நீல டார்ச் அடித்துப் பார்த்தார். ஒளிரவில்லை, அதனால் பூஞ்சை இல்லை, வைட்டமின் குறைவுதான் என்று தண்ணீரில் கலக்க ஒரு சொட்டு மருந்தும் ஒரு களிம்பும் கொடுத்தார். ஐந்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் முன்பைவிடப் பரவிவிட்டது. பெரிய பெட்டை முதுகைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறது, தொட்டாலே கத்துகிறது. அதற்கு வயிறும் பெரிதாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் மாடு வைத்திருப்பவர், மாட்டு ஊசி மருந்தில் ஒரு சொட்டுப் போடலாம் என்கிறார். எந்தக் களிம்பு நல்லது? சின்ன மகளுக்கும் கழுத்தில் வட்டமாகச் சிவந்திருக்கிறது. வேர்க்குரு என்று பவுடர் போடுகிறேன்.

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிதான் எனக்கு முதல் வரி. பவுடரை நிறுத்திவிட்டு மகளை நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப்போங்கள். வேர்க்குரு வட்டம் போட்டுக்கொண்டு வராது. வீட்டில் முகத்தில் முடி கொட்டும் கினி பிக் இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம். அதுவரை பிள்ளைகள் அதைத் தூக்கக் கூடாது. நீங்கள் தொட்டாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆணுக்கு இருப்பது படர்தாமரை என்றுதான் நினைக்கிறேன். அது பூஞ்சை நோய், மனிதருக்கும் தொற்றும். மூக்கு, கண், காது என்று முகத்தில் தொடங்கிப் பிறகு முதுகுக்குப் போவது அதன் வழக்கம். நீல டார்ச் கதையைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. கினி பிக்குக்கு வருவது பெரும்பாலும் ட்ரைக்கோபைட்டன் வகைப் பூஞ்சை. அது அந்த வெளிச்சத்தில் ஒளிரவே ஒளிராது. ஒளிர்வது பூனைகளுக்கு வரும் மைக்ரோஸ்போரம், அதிலும் எல்லாம் ஒளிராது. அந்த டார்ச்சை வைத்துக் கள்ள நோட்டு பார்க்கலாம்.

களிம்பு ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பெட்டாமெத்தசோன் போல ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் அடங்கும், அடியில் பூஞ்சை நிம்மதியாக மேயும். உங்கள் ஐந்து நாள் கதை அப்படித்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பு போதும். செதிலை வெதுவெதுப்பான தண்ணீரால் ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்த்தி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை மெல்லிசாகப் பூசுங்கள். கண்ணுக்குள் போகக் கூடாது. நக்காமல் இருக்கப் பத்து நிமிடம் மடியில் பிடித்து வைத்திருங்கள். குறைந்தது நான்கு வாரம் பூச வேண்டும், முடி முளைத்துவிட்டது என்று நடுவில் விடாதீர்கள். பல இடங்களில் பரவியிருந்தால் வாய் வழி மருந்து தேவைப்படும், அது டாக்டர் வேலை.

பெட்டையின் கதை வேறு. அந்த அளவுக்குச் சொறிந்து கத்துவது படர்தாமரை இல்லை, சொறிப்பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் துளைத்துப் போகும். முற்றினால் தொட்டவுடன் வலிப்பே வரும். மாட்டு ஊசிக்கு வருவோம். ஐவர்மெக்டின் இதற்கு மருந்துதான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆனால் மாட்டுக்குப் போடுவது வழக்கமாக ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். முக்கால் கிலோ பிராணிக்கு வேண்டியதோ கால் மில்லிகிராம் அளவில். நூறு கோடு போட்ட ஒரு மில்லி சிரிஞ்சில் அது இரண்டரைக் கோடு. ‘ஒரு சொட்டு’ என்பது அதைப்போல இரண்டு மடங்கு, கை கொஞ்சம் நடுங்கினால் நான்கு மடங்கு. வயிற்றில் குட்டியோடு இந்த விளையாட்டு வேண்டாம். டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கட்டும். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். க்ரைசியோஃபுல்வின் போன்ற பூஞ்சை மருந்துகள் அதற்கு ஆகாது.

ஆணை இன்றைக்கே பிரியுங்கள், நோய்க்காக மட்டும் இல்லை. குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெட்டை மறுபடி சினைப்படும். பெட்டையின் வயிறு மறுபடி பெரிதான கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

சரி, நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். களிம்பு எதுவானாலும் அந்தப் பலகைப் பெட்டி இருக்கும்வரை படர்தாமரை திரும்பி வரும். கினி பிக்கின் சொந்த ஊர் பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலை. காய்ந்த, குளிர்ந்த காற்றில் வாழ்ந்த ஜாதி. அதைக் கொண்டுவந்து பீடோர் மழையில், மூத்திரம் ஊறிய மரத்தூள் மேல் உட்கார வைத்திருக்கிறோம். உதிர்ந்த முடியிலும் செதிலிலும் பூஞ்சை வித்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பலகை இடுக்கில் நுழைந்தால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் வராது. சும்மா கிடைக்கிறதே என்று வாங்கும் ரப்பர் மரத்தூளும் எனக்குப் பிடிக்காது. பூச்சி அரிக்காமல் இருக்க அந்தப் பலகைக்குப் போராக்ஸ் மருந்து ஏற்றுவார்கள், அறுக்கும்போது அதுவும் தூளோடுதான் வரும்.

நானும் தோட்டத்து லயத்தில் இருந்தபோது புகைக்கூடத்துப் பழைய பலகையில் முயல் பெட்டி செய்தவன்தான். மழை மாதம் வந்தால் முயல் முகமெல்லாம் பொருக்கு. மூன்று வருடம் மருந்தை மாற்றினேன், பெட்டியை மாற்றத் தோன்றவில்லை.

இன்றைக்கு ஒரு சோதனை செய்யுங்கள். மரத்தூள் மேல் டிஷ்யூ தாளை விரித்து, முஷ்டியால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். தாள் நனைந்தால் பெட்டி தேறவில்லை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் தட்டு வைத்த கூண்டு வாங்குங்கள். அடியில் பழைய நாளிதழ், மேலே பழைய துண்டு. துண்டைத் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு குளோராக்ஸ் ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, அலசிக் காயவிடுங்கள். பிராணி மேல் ஒரு துளி படக் கூடாது.

வைட்டமின் சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலப்பதை விட்டுவிடுங்கள். தண்ணீரில் வைட்டமின் சி ஒரு நாள்கூடத் தாங்காது. கினி பிக் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது என்பது உண்மைதான், தினமும் தீனியில் போய்ச் சேர வேண்டும். அதற்காகக் கொய்யாவுக்குப் பேர்போன பீடோரில் இருந்துகொண்டு பாட்டிலுக்கு வெள்ளி கொடுப்பதா? நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கட்டைவிரல் அளவு ஒரு துண்டு, தோலோடு, ஒன்றுக்கு ஒரு நாளைக்குப் போதும். சர்க்கரை இருப்பதால் அதற்கு மேல் வேண்டாம். தீனிக்காகச் செம்பனைத் தோட்டத்து ஓரப் புல்லை அறுக்காதீர்கள். பாராகுவாட்டை 2020 முதல் தடை செய்துவிட்டார்கள், மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் அடிக்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது நான்கையும் கொண்டுபோங்கள். அந்தக் களிம்பு ட்யூபையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.