தொடர் வறட்சிக்குப் பின் மேட்டூர் அணை நிரம்பியும் காவிரிப் பாசனத்தின் கடைசி வயல்களான கடைமடைக்குத் தண்ணீர் வரத் தாமதமாவது ஏன்?

மேட்டூர் 120 அடியைத் தொட்டால் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தண்ணீர், கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் 2002, 2003 போல அடுத்தடுத்து மழை பொய்த்தால், ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை இறைத்துத் தீர்க்கின்றன. ஆற்று மணலும் ஆழம்வரை காய்ந்துவிடுகிறது. திறந்துவிடும் முதல் தண்ணீரை அந்த மணல்தான் குடிக்கிறது. கல்லணைக்குக் கீழே வாய்க்கால் கரையில் நின்று பாருங்கள்: நுரையும் சருகுமாக முன்னேறும் நீர், ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, நிரப்பிய பிறகே ஒரு சாண் நகரும். தூர்வாராத வாய்க்கால் என்றால் கேட்கவே வேண்டாம்! ஜூன் 12-இல் மேட்டூர் மதகு திறக்காத ஆண்டில் குறுவை நெல் கைவிட்டுப் போகிறது. அடுத்த பருவ நெல்லான சம்பாவுக்கு வடகிழக்குப் பருவமழை கைகொடுக்க வேண்டும். வேதாரண்யம் பக்கம் நிலை இன்னும் மோசம். நிலத்தடி நன்னீர் வற்றிய இடத்தில் கடல்நீர் புகுந்துவிட்டால், ஒரு நல்ல வெள்ளத்தில் அந்த உப்பு வெளியேறாது.